எழுதுகோலும் கூலியும்: தமிழில் எழுதிப் பிழைத்தோர் வரலாறு

முன்னுரை

நம் இலக்கிய வட்டம் பத்தாண்டுகளை நிறைவு செய்து மலர் வெளியிடும் இவ்வேளையில், வாழ்த்துகளுக்கும் கவிதைகளுக்கும் நடுவே கூலியைப் பற்றி ஒரு கட்டுரை இடம்பெறுவது அன்பர்கள் சிலருக்கு வியப்பளிக்கலாம். அதற்கொரு காரணம் உண்டு. சென்ற ஆண்டு நம் மாதக் கூட்டமொன்றில் முதன்முறையாகக் கவிதை வாசித்த மாணவி ஒருத்தி, கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது என்னருகே வந்து, "எழுதிப் பொழைக்க முடியுங்களா அம்மா?" என்று கேட்டாள். அவள் வீட்டில் நான்கு விசைத்தறிகள் ஓடுகின்றன. நான்கும் கூலித்தறிகள். பாவும் ஊடையும் பிறர் தருவன. நெய்த துணியும் பிறருக்கே போவது. மீட்டருக்கு இவ்வளவு என்ற கூலி மட்டுமே வீட்டுக்கு வரும். அக்கூலியை உயர்த்தக் கோரித் தறிகளை நிறுத்திவைத்த நாள்களைப் பல்லடத்தில் வாழும் நாம் எல்லோரும் அறிவோம். அத்தகைய வீட்டிலிருந்து வந்த பெண் கேட்கும்போது, மேடையில் சொல்வதுபோல் "தமிழ் உன்னைக் காப்பாற்றும்" என்று விடையளிக்க எனக்கு நா எழவில்லை.

எழுத்தை நம்பி வாழ்ந்தவர் நம் மொழியில் எக்காலத்தும் இருந்திருக்கின்றனர். அவர்களுக்குக் கூலி கொடுத்தவர்தாம் காலந்தோறும் மாறினர். ஒவ்வொரு மாற்றத்தின்போதும் அவர்கள் என் செய்தனர், எதனால் நிலைத்தனர், எங்கே வீழ்ந்தனர் என்பதைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பரிசிலும் வழிகாட்டலும்

சங்க இலக்கியத்தை வீரமும் காதலும் மட்டுமே பாடும் இலக்கியமாகக் கற்பிப்பது நம் வழக்கம். பாணர், பொருநர், கூத்தர், விறலியர், புலவர் ஆகியோரின் பிழைப்பு வரலாறும் அதனுள் அடங்கியிருக்கிறது. பத்துப்பாட்டின் சரிபாதி ஆற்றுப்படை நூல்கள். பரிசில் பெற்று மீள்பவன், வறுமையோடு எதிர்வரும் தன் இனத்தானுக்கு, இன்ன வள்ளலிடம் செல், இன்ன வழியே செல் என்று காட்டுவது அவ்விலக்கண மரபு. திருமுருகாற்றுப்படை இறைவனிடம் வழிப்படுத்துகிறது; ஏனைய நான்கும் புரவலர்பால் வழிப்படுத்துகின்றன. மலைபடுகடாம் நன்னனிடம் செல்லும் வழியிலுள்ள இடர்களையும் கிடைக்கும் உணவையும்கூட விரிவாகச் சொல்கிறது. தனக்குக் கிடைத்த வாய்ப்பை மறைத்து வைக்காமல் பிறர்க்குச் சொல்லும் அறம் ஒரு தனி இலக்கிய வகையாகவே வளர்ந்தது என்பது ஈண்டு எண்ணத்தக்கது.

புறநானூற்றுத் துறைகளுள் ஒன்று 'பரிசில் கடாநிலை'. கொடுப்பதாகச் சொன்ன பரிசிலைக் கொடாது காலம் நீட்டிப்பவனை, புலவன் தன் நிலை கூறி வற்புறுத்துவது அத்துறை. கூலி நிலுவைக்கென ஒரு துறையே வகுக்கப்பட்டுள்ளது என்றால், அந்நாளிலும் அத்துன்பம் அரிதன்று என்பது தெளிவு. ஆயினும் வாங்குபவன் தாழ்ந்தவன் என்னும் எண்ணம் அங்கே இல்லை. தன்னைக் காணாமலே அதியமான் கொடுத்தனுப்பிய பரிசிலைப் பெருஞ்சித்திரனார் ஏற்க மறுத்தார். இளவெளிமான் தம் தரம் அறியாது சிறிது கொடுத்தபோது அதனைக் கொள்ளாது சென்று, குமணனிடம் யானை பெற்று வந்து, இளவெளிமானின் காவல்மரத்திலேயே அதனைக் கட்டிவிட்டுப் போனார். வீட்டில் வறுமை வாட்டிய நிலையிலும் அவர் பார்த்தது பொருளின் அளவை மட்டுமன்று. தம் புலமையை அறிந்து தரப்பட்டதா என்பதையும் பார்த்தார்.

மடமும் அச்சகமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை புலவரைத் தாங்கியோர் மடங்களும் சமீன்களும் ஊர்ப் பெரியோருமே. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815-1876) ஊரார் வேண்ட வேண்டத் தலபுராணங்கள் பாடியவர். இன்றைய வழக்கில் சொன்னால், கேட்டவருக்கு எழுதிக் கொடுத்து வாழ்ந்தவர். திருவாவடுதுறை ஆதீனத்தின் பேராதரவு இருந்தும் அவர் கடன் தொல்லையோடு வாழ்ந்தார் என்பதை, அவர் மாணவர் உ.வே. சாமிநாதையர் எழுதிய வரலாற்றால் அறிகிறோம்.

அதே நூற்றாண்டில் அச்சு பரவியது. இந்தியர் அச்சகம் நடத்துவதற்கு இருந்த தடை 1835இல் நீங்கியது. ஆறுமுக நாவலர் 1849இல் யாழ்ப்பாணத்தில் தமக்கென அச்சகம் நிறுவினார். கல்விச்சாலைகளுக்கு உரைநடை நூல்கள் தேவைப்பட்டன. செய்யுள் இயற்றுவதே புலமை என்றிருந்த இடத்தில் பதிப்பித்தல், உரையெழுதுதல், பாடநூல் ஆக்குதல், பிழைதிருத்துதல் என்னும் புதிய தொழில்கள் தோன்றின.

இம்மாற்றத்தை முழுமையாக வாழ்ந்து காட்டியவர் உ.வே.சா. அவர் பாடங்கேட்டது ஆதீன மரபில். 1880இல் சேர்ந்தது கும்பகோணம் அரசுக் கல்லூரியில். 1887இல் சீவக சிந்தாமணியை அச்சிட்டபோது அவரைத் தாங்கியவன் ஒற்றைப் புரவலன் அல்லன். நூல் வெளிவருமுன்பே கையொப்பமிட்டுப் பொருளுதவிய பலர் அவருக்குத் துணைநின்றனர். ஒரு வள்ளலின் இடத்தைப் பல வாசகர்கள் எடுத்துக்கொண்டமை தமிழ்நூல் வரலாற்றில் ஒரு பெருந்திருப்பம் எனலாம். அவர்தம் இறுதிக் காலச் செய்தியோ இன்னும் வியப்புக்குரியது. ஓலைச்சுவடியோடு வாழ்க்கையைத் தொடங்கிய அவர், எண்பத்தைந்தை எட்டும் பருவத்தில், 1940ஆம் ஆண்டு முதல் 'என் சரித்திர'த்தை ஆனந்த விகடன் வார இதழில் தொடராக எழுதினார். வார இதழ் வாசகர்க்கேற்பத் தம் நடையை எளிதாக்கினார், புலமையைக் குறைத்துக்கொள்ளவில்லை. 1942இல் அவர் மறைந்தபோது அந்நூல் முற்றுப்பெறாமல் நின்றது.

இதழ்களின் காலம்

1882இல் வார இதழாகத் தோன்றி 1899இல் நாளிதழான சுதேசமித்திரன், தமிழில் எழுதுவோர்க்கு மாதச் சம்பளம் என்னும் புதுமையை அறிமுகப்படுத்திய இடங்களுள் ஒன்று. எட்டயபுரம் அரண்மனையையும் மதுரைப் பள்ளி ஆசிரியப் பணியையும் விட்டுப் பாரதியார் 1904இல் அதன் துணையாசிரியரானார். ஆங்கிலச் செய்திகளை நாள்தோறும் தமிழாக்குவதே அங்கு அவருடைய முதன்மைப் பணி. அவருடைய உரைநடையின் வேகத்தில் அந்த அன்றாட வேலைக்கும் பங்கு உண்டென்பது என் கருத்து. 1920இல் தம் நூல்களையெல்லாம் நாற்பது புத்தகங்களாக வெளியிடப் பொருளுதவி வேண்டி அவர் சுற்றறிக்கை விடுத்தார். திட்டம் நிறைவேறவில்லை, மறு ஆண்டே அவர் மறைந்தார். உ.வே.சா.வுக்குக் கைகொடுத்த வழி பாரதிக்குக் கைகொடுக்கவில்லை. ஒரே வழி எல்லோர்க்கும் உதவுவதில்லை என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

கல்கியின் வாழ்வு வேறொரு பாடம். திரு.வி.க.வின் நவசக்தியில் 1923இல் பயிற்சி. பின்னர் நம் கொங்கு நாட்டுத் திருச்செங்கோட்டுக் காந்தி ஆசிரமத்தில் இராஜாஜியின் மதுவிலக்கு இதழான 'விமோசன'த்தில் பணி. அதன்பின் ஆனந்த விகடன். 1941இல் சதாசிவத்தோடு சேர்ந்து சொந்த இதழ். வாரந்தோறும் வாசகர் காத்திருக்கும் தொடர்கதை என்னும் வடிவத்தை அவர் தமிழ் எழுத்தாளரின் நிலையான வாழ்வாதாரமாக்கினார்.

பெண்ணெழுத்தாளர் வரிசையில் வை.மு. கோதைநாயகி அம்மாளை மறத்தல் ஆகாது. பள்ளி சென்று பயிலாத அவர், தொடக்கத்தில் தாம் சொல்லத் தோழி எழுதப் படைப்பைத் தொடங்கினார். 1925இல் 'ஜகன்மோகினி' இதழை ஏற்றுத் தாமே ஆசிரியராக நடத்தி, நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதினார். எழுத்தும் இதழும் ஒரே கையில் இருந்தமையே அவருடைய வலிமை. விந்தன் அச்சுக்கோப்பவராக இருந்து கல்கி இதழின் துணையாசிரியரானார். எழுத்தைக் கையால் தொட்டுக் கோத்தவர், பிறகு அதே எழுத்தால் உழைப்பாளர் வாழ்வை எழுதினார்.

கொங்கு மண்ணும் திரைப்படமும்

தமிழ்த் திரைப்படத்தைச் சென்னையோடு மட்டும் சேர்த்தெண்ணும் இன்றைய தலைமுறை, கோவை ஒரு காலத்தில் அதன் முதன்மை நகரங்களுள் ஒன்றாக விளங்கியதை அறியாது. சென்ட்ரல் ஸ்டுடியோவும் பட்சிராஜா ஸ்டுடியோவும் இங்குதான் இருந்தன. மு. கருணாநிதி உரையாடல் எழுதிய 'ராஜகுமாரி' (1947), கண்ணதாசனின் முதல் திரைப்பாடல் இடம்பெற்ற 'கன்னியின் காதலி' (1949) ஆகியவை கோவையோடு தொடர்புடைய ஜுபிடர் நிறுவனத்தின் படங்கள். நாமக்கல் கவிஞரின் 'மலைக்கள்ளன்' நாவலை 1954இல் பட்சிராஜா படமாக்கியது. நாடகக் குழுவிலும் இதழ் அலுவலகத்திலும் பிழைப்புத் தேடியோர் கோவைக்கு வண்டியேறிய காலம் அது.

அவர்களுள் நமக்கு மிக அணியவர் உடுமலை நாராயணகவி (1899-1981). நம் பல்லடத்துக்குத் தெற்கே உடுமலைப் பகுதியின் பூளவாடியில் பிறந்தவர். பள்ளிப்படிப்பு மிகக் குறைவு. சரபம் முத்துசாமிக் கவிராயரிடம் பயின்று, நாட்டார் கலைகளிலும் நாடக மேடையிலும் தோய்ந்தவர். பேசும்படம் வந்து நாடகக் கொட்டகைகள் ஒளியிழந்தபோது அவருடைய பாட்டு ஒளியிழக்கவில்லை. நல்லதம்பி, வேலைக்காரி (1949), பராசக்தி (1952) முதலிய படங்களின் வழியே அது பட்டிதொட்டியெல்லாம் சென்றது. கும்மியிலும் காலட்சேபத்திலும் அவர் பழகியிருந்த சந்தமும் எள்ளலும் திரைக்கு வேண்டியிருந்தன. மேடையை இழந்தவர் மேடையில் கற்றதை இழக்கவில்லை. மாற்றத்துக்கு ஈடுகொடுத்தல் என்பதற்கு இதனினும் தெளிவான சான்றை நான் காணவில்லை.

எனினும் மறுபக்கத்தைச் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. புதுமைப்பித்தனும் காலத்துக்கேற்ப இடம் மாறியவரே. மணிக்கொடி, ஊழியன், தினமணி எனச் சென்று, 1943இல் ஆசிரியர் டி.எஸ். சொக்கலிங்கத்தோடு தினமணியை விட்டு வெளியேறினார். பின்னர்த் திரைப்படம். தியாகராஜ பாகவதரின் 'ராஜமுக்தி'க்கு எழுதப் புனே சென்றவர் காசநோயோடு திரும்பி, 1948 ஜூன் 30ஆம் நாள் திருவனந்தபுரத்தில் நாற்பத்திரண்டாம் வயதில் மறைந்தார். அவருக்குத் திறமையில் குறைவில்லை. மாற்றத்தை அஞ்சியவரும் அல்லர். நோயும் வறுமையும் வந்தபோது தாங்கிப்பிடிக்க அமைப்பு எதுவும் இல்லை. ஆகவே, ஈடுகொடுக்கத் தெரிந்தவன் பிழைப்பான் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது அவர் நினைவுக்கு இழைக்கும் அநீதியாகும்.

தனித்து எழுதியோர்

எந்த நிறுவனத்திலும் நிலையாக இல்லாமல் எழுதி வாழ்ந்தோருள் க.நா. சுப்ரமண்யம் (1912-1988), அசோகமித்திரன் (1931-2017) ஆகிய இருவரும் குறிப்பிடத்தக்கவர்கள். இருவரும் தமிழோடு ஆங்கிலத்திலும் எழுதினர். க.நா.சு. ஓயாது மொழிபெயர்த்தார். அசோகமித்திரன் 1966இல் ஜெமினி ஸ்டுடியோவை விட்டபின் கதை, கட்டுரை, மதிப்புரை, மொழிபெயர்ப்பு, இதழ்ப்பணி என அனைத்தும் செய்தார். 'எழுத்து' நடத்திய சி.சு. செல்லப்பா நூல்களைத் தாமே சுமந்து ஊரூராகச் சென்று விற்றார். மற்றொரு பக்கம், கோவையின் ராஜேஷ்குமார் மாத நாவல் என்னும் வடிவத்தின் வேகத்துக்கு ஈடுகொடுத்து ஆயிரத்தைந்நூறுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதியவர். இலக்கியத் தரம்பற்றிய நம் கருத்து எதுவாயினும், தம் ஊரை விட்டு நகராமல் எழுத்தையே தொழிலாக நிறுத்திக் காட்டிய உழைப்பை மதிக்க வேண்டும்.

கூலி கொடுப்பவர் ஒரே நாளில் மறைந்ததற்கும் சான்றுண்டு. மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகாவும் ரா. கிருஷ்ணையா, பூ. சோமசுந்தரம், நா. தர்மராஜன் முதலியோரைக் கொண்டு ருசிய இலக்கியத்தைத் தமிழாக்கின. 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்ததும் அவ்வாயில் அடைபட்டது. நூல்கள் நின்றன, வேலை நின்றுபோயிற்று. ஒரே இடத்துக் கூலியை மட்டும் நம்புதல் ஒரே ஏற்றுமதியாளரை நம்பி நூற்றுக்கணக்கான தையல் எந்திரங்களை நிறுத்துவது போன்றது என்பதைத் திருப்பூரை அறிந்த நமக்கு விளக்க வேண்டுவதில்லை.

உரிமை என்னும் இழை

நெசவுக்கும் எழுத்துக்கும் ஒரு வேறுபாடு உண்டு. கூலிக்கு நெய்தவனுக்குத் துணியின்மேல் உரிமை கிடையாது. எழுதியவனுக்கு எழுத்தின்மேல் உரிமை உண்டு. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, ஒரு நிறுவனத்தின் பணியாளர் பணியின் பொருட்டு எழுதுவது, வேறு உடன்பாடு இல்லாதபோது, பொதுவாக அந்நிறுவனத்துக்குரியது. தனித்து எழுதிக் கொடுப்பவர்க்கோ முதல் உரிமை அவரிடமே இருக்கிறது. கையொப்பமிட்ட எழுத்துமூல ஒப்பந்தமின்றி அது பிறர்க்கு மாறாது. காலவரையறை குறிக்கப்படாத ஒப்பந்தம் ஐந்தாண்டுகளுக்கே செல்லும். திரைப்பாடலாசிரியர் தம் பாடல் வேறிடங்களில் பயன்படும்போது கிடைக்கும் உரிமைத்தொகையில் தம் பங்கை விட்டுக்கொடுக்க இயலாதவாறு 2012இல் சட்டம் திருத்தப்பட்டது. உடுமலையார் காலத்தில் இப்பாதுகாப்பு இல்லை. நம் கவிஞர்களுள் எத்துணைப் பேர் கையொப்பமிடுமுன் ஒப்பந்தத்தைப் படிக்கின்றனர்? யாப்பு கற்பிக்கும் நாங்கள் வகுப்பில் இதனைக் கற்பிக்கின்றோமா? இல்லை என்பதே என் விடை.

பொறியின் காலம்

நம் கண்முன்னே நிகழ்ந்த மாற்றங்கள் பல. கணினி அச்சுக்கோப்பு வந்ததும் ஈய எழுத்துகள் எடைக்குப் போயின. பிளக்ஸ் பதாகை வந்ததும் சுவரில் எழுதிய கலைஞர்கள் தூரிகையைக் கீழே வைத்தனர். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழுக்குப் பொதுவான விசைப்பலகை அமைந்தது. 2011இல் கூகுள் மொழிபெயர்ப்பில் தமிழ் சேர்ந்தது. 2022 நவம்பரில் வெளியான சாட்ஜிபிடிக்குப் பிறகு, கேட்டவுடன் எழுதித்தரும் பொறி எல்லோர் கையிலும் வந்துவிட்டது. விளம்பர வாசகம், பொருள் விளக்கம், வாழ்த்துப்பா, மொழிபெயர்ப்பு ஆகிய சிறு வேலைகளே இளம் எழுத்தாளர்க்கு முதற்படியாக இருந்தன. அப்படிதான் முதலில் ஆட்டங்காண்கிறது.

என் அனுபவம் ஒன்றைச் சொல்லுதல் பொருந்தும். விசைத்தறிப் பயிற்சிக் கையேடு ஒன்றைத் தமிழாக்கும் பணி ஒரு நிறுவனத்திடமிருந்து எனக்கு வந்தது. முன்போல் மூலநூல் மட்டும் வரவில்லை. பொறி செய்த தமிழாக்கமும் உடன் வந்தது. திருத்தினால் போதும் என்றனர். கூலியை மூன்றிலொரு பங்காகக் குறைத்திருந்தனர். படித்தபோது, தறியில் பாவு இழைகளைப் பிரித்து நிறுத்தும் அச்சினை, ஆற்றங்கரையில் முளைக்கும் நாணல் என்று பொறி பெயர்த்திருந்தது. இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல். இத்தகைய பிழைகள் பக்கந்தோறும் இருந்தன. ஐயம் வந்த சொற்களை நான் கேட்டுத் தெளிந்தது அம்மாணவியின் தந்தையாரிடம். அவர் தறியை நிறுத்தி, ஒவ்வோர் உறுப்பையும் தொட்டுக் காட்டிப் பெயர் சொன்னார். திருத்த வேலை, புதிதாக மொழிபெயர்ப்பதற்குரிய நேரத்தையே எடுத்துக்கொண்டது. ஆயினும் குறைந்த கூலிக்கு ஒப்புக்கொண்டேன். அதையும் பெறப் பலமுறை நினைவூட்ட நேர்ந்தது. வகுப்பில் பெருஞ்சித்திரனாரைப் பெருமிதத்தோடு கற்பிப்பவள் நான். மாதச் சம்பளம் உள்ள நானே மறுக்கவில்லை என்பது எனக்கு நாணம் தந்தது. நான் குறைத்து வாங்கிய கூலி, அடுத்து வருபவருக்கு அளவுகோலாகிவிடும் என்பதைப் பின்னரே உணர்ந்தேன்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பெறப்படுவன மூன்று. முதலாவது, கூலி கொடுப்பவர் மாறும்போது, தம் கைத்திறத்தின் வேர் எதுவென அறிந்தவர் அதனைப் புதிய இடத்துக்குக் கொண்டுசென்றனர். உ.வே.சா. சுவடியறிவை அச்சுக்கும், நாராயணகவி சந்தத்தைத் திரைக்கும் கொண்டுசென்றனர். பொறிக்குக் கிட்டாத தறிச்சொல் நம் ஊரில் இருக்கிறது. அதனை அறிந்தெழுதுபவர்க்கு நாளையும் வேலை உண்டு. இரண்டாவது, உரிமையைத் தம் கையில் வைத்திருந்தோர் ஓரளவு நிலைத்தனர். மூன்றாவது, தனியொருவரின் திறமை மட்டும் போதாது. புதுமைப்பித்தனுக்கு இல்லாதிருந்த துணையைத் தருவதற்குக் கூட்டம் வேண்டும்.

நம் வட்டம் அத்தகைய கூட்டமா என்பதே நான் பணிவோடு முன்வைக்கும் வினா. பத்தாண்டுகளில் மண்டபத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் அச்சகத்துக்கும் தேநீருக்கும் தவறாது பணம் கொடுத்திருக்கிறோம். எழுதியவர்க்குப் பொன்னாடை போர்த்தியிருக்கிறோம், கூலி கொடுத்ததில்லை. அந்தப் பொன்னாடையை நெய்தவருக்குக்கூட ஏதோ ஒரு கூலி கிடைத்திருக்கும். இம்மலரில் எழுதியோருள் மாத வருவாய் இல்லாதவர்க்கேனும், சிறுதொகையாயினும், மலர் வெளியீட்டு நாளிலேயே மேடையில் வழங்க வேண்டும் என்று முன்மொழிகின்றேன். பெற்ற வாய்ப்பைப் பிறர்க்குச் சொல்லும் ஆற்றுப்படை மரபை ஒட்டி, மாதக் கூட்டத்தில் கால்மணி நேரம் எழுத்து வேலைகளையும் அவற்றுக்குரிய கூலியையும் வெளிப்படையாகப் பேச ஒதுக்கலாம்.

அம்மாணவிக்கு அன்று நான் விடை சொல்லவில்லை. இன்று சொல்வேன்: எழுத்தை மட்டும் நம்பிப் பிழைப்பது என்றும் அரிது, இன்று இன்னும் அரிது. வேறொரு தொழிலும் உன் கையில் இருக்கட்டும். உன் தந்தையார் அறிந்த சொற்களையெல்லாம் எழுதி வை. எதிலும் படிக்காமல் கையொப்பமிடாதே. உன் எழுத்துக்குக் கூலி கேட்கக் கூசாதே. அவளுடைய கவிதையும் இம்மலரில் இடம்பெறுகின்றது. இக்கட்டுரைக்கு எனக்கு ஒன்றும் வேண்டா. அக்கவிதைக்குரியதை அவளிடம் முதலில் கொடுங்கள்.